போலீஸும் வெள்ளைச் சட்டைதான்

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு மாடி வீடு. மேல குடியிருக்கறது முத்து, மதுரைக்காரரு, மோட்டார் பம்ப் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறாரு. மொட்டமாடில முப்பது க்ரோ பேக், ட்ரம்ல ஒரு கொய்யா, மூலைல நீலக்கலர்ல ஒரு பீப்பாய். கீழ இருக்கறது ஓனர் சரசக்கா. பொங்கலுக்கு ஊருக்குப் போன முத்து ஆறு நாள் கழிச்சு இன்னைக்குக் காலைலதான் பஸ்ஸ விட்டு எறங்கி, தோள்ல மாட்டின பேக்கைக்கூட கழட்டாம நேரா மாடிக்குப் போறாரு. அங்க சரசக்கா முந்தானைய மூக்குல வெச்சுகிட்டு ரெடியா நிக்கறாங்க.

சரசக்கா: வா கண்ணு. நோம்பியெல்லாம் நல்லா போச்சா? உனக்குப் போயிருக்கும். எங்களுக்குத்தான் போகல. அந்த பீப்பாய்க்குள்ள யாரைக் கொன்னு போட்டு வெச்சிருக்கற?

முத்து: ஐயோ, அது மீன் அமிலம்க்கா. மீன் கழிவும் வெல்லமும் போட்டு மூடி வச்சிட்டா 21 நாள்ல தேன் மாதிரி ஆயிரும், அதை எடுத்து தண்ணில கலந்து அடிச்சா செடி சும்மா கருகருன்னு...

சரசக்கா: தேனா? வெள்ளிக்கெழம என்ற புள்ளயப் பாக்கறதுக்கு பொள்ளாச்சில இருந்து ஒறம்பரை வந்துச்சு. மாப்பளையோட பெரியம்மா காப்பி டம்ளரை வாய்க்கிட்ட கொண்டு போச்சு, அப்படியே நிறுத்துச்சு, இந்தப் பக்கம் மோந்துச்சு, அந்தப் பக்கம் மோந்துச்சு, அப்பறமேட்டு என்னையப் பாத்து "ஏனுங், பரண்ல எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா"ங்குது. நான் என்னனு சொல்லட்டும்? மச்சுல தேன் காய்ச்சறாங்கனு சொல்லட்டுமா?

முத்து: நல்லபடியா செஞ்சா நாத்தமே வராதுக்கா, பழுத்த பழ வாசம்தான் வரும்.

சரசக்கா: அப்ப நீ கெட்டபடியா செஞ்சிருக்கற.

முத்து: மீனு எம்புட்டோ வெல்லமும் அம்புட்டு போடணும்க்கா. பொங்கல் நேரமா, வெல்லம் விலை ஏறிப்போச்சா, ரெண்டு கிலோ மீனுக்கு...

சரசக்கா: எவ்வளவு போட்ட?

முத்து: அரைக் கிலோ.

சரசக்கா: ஒன்றரைக் கிலோ வெல்லத்துல ஒரு சம்பந்தம் போச்சு. பொள்ளாச்சிக்காரங்க இன்னும் போன் பண்ணல, தெரியுமா உனக்கு?

முத்து: பண்ணுவாங்கக்கா. தங்கச்சிக்கு என்ன குறை.

சரசக்கா: புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. கொறை பூரா மச்சுல இருக்குது. சரி, தக்காளிச் செடிய என்னடா பண்ணுன, அப்பளம் சுட்டாப்ல இருக்குது?

முத்து: அது ஊருக்குப் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம வேப்பெண்ணெய் அடிச்சேன்க்கா. பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சீட்டுல எழுதித்தான் வச்சிருந்தேன், சீட்டு நனைஞ்சுபோச்சு, நானா ஞாபகத்துல இருந்து கலக்கினேன்...

சரசக்கா: மாத்திக் கலக்கிப்போட்டயா.

முத்து: ஆமா. அதுலயும் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு.

சரசக்கா: வெயில்ல எண்ணைய ஊத்துனா அது மருந்தில்ல சாமி, தாளிப்பு. பொழுது சாஞ்சு அடிக்கோணும்னு எங்கப்பன் புளியமரத்தடில படுத்துக்கிட்டே சொல்லுவாரு, நீ படிச்ச புள்ள.

முத்து: சரிக்கா, அதை விடுங்க. என் கத்தரிய முதல்ல பாக்கணும். ஆறு நாளா மதுரைல இருந்தாலும் மனசு பூரா அந்த நாலு கத்தரிச் செடிலதான். (பைல இருந்து பூதக்கண்ணாடிய எடுத்து எலைய திருப்பறாரு.) ம்... கணுவுல குட்டி குட்டியா மாவுப்பூச்சி அப்பிக்கிட்டு அப்படியே இருக்கு. ஆனா பெருசு ஒண்ணக்கூட காணோமே?

சரசக்கா: (பெருமையா) எப்படி இருக்கும்? நான் சும்மா தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போற ஆளுனு நெனச்சயா? நீதான போன்ல சொன்ன, "கத்தரில வெள்ளையா பூச்சி இருக்கும், கொஞ்சம் பாத்துக்கங்கக்கா"னு.

முத்து: ஆமா, சொன்னேன்.

சரசக்கா: பாத்துக்கிட்டேன்.

முத்து: ...எப்பிடி பாத்துக்கிட்டீங்க?

சரசக்கா: என்ற ஊட்டுக்காரரு பழைய பல்லு பிரஷ் ஒண்ணு, ஒரு மக்குல சோப்புத்தண்ணி. உக்காந்து ஒவ்வொண்ணா தேச்சுத் தேச்சு மக்குக்குள்ள தள்ளுனேன். இடுப்பு போச்சு. சின்னதெல்லாம் எலைக்கு அடில ஒட்டிக்கிட்டு நவுறவே மாட்டேங்குது, ஆனா பெருசு பெருசா அரை இஞ்சுக்கு சடை சடையா வெள்ளையா இருந்துச்சு பாரு, அது பிரஷ்ஷ கொண்டு போனதும் விறுவிறுனு ஓடுது. ஓடறவன்தான் திருடன்! மொதல்ல அதைத்தான் புடிச்சேன். ஒண்ணு விடல.

முத்து: (அப்படியே ட்ரம் மேல உக்காந்துட்டாரு) ஆத்தாடி.

சரசக்கா: என்ன கண்ணு, பஸ்ல வந்த அலுப்பா?

முத்து: அக்கா, ஓடுனது திருடன் இல்லக்கா. போலீஸு.

சரசக்கா: என்ன போலீஸு?

முத்து: அது பொறிவண்டோட புழுக்கா. ஆஸ்திரேலியப் பொறிவண்டு. மாவுப்பூச்சிய தின்கிறதுக்குன்னே இருக்குற ஜென்மம். 1898லயே காப்பித் தோட்டத்துல செதில் பூச்சிய அழிக்கறதுக்கு இந்தியாவுக்குள்ள கொண்டு வந்தாங்க. மாவுப்பூச்சியோட பஞ்சு மாதிரி இருக்குற முட்டைப்பையக்கூட விடாம கொதறித் தின்னும். அதோட புழு பாக்குறதுக்கு அச்சு அசலா பெரிய சைஸ் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா சடையோட இருக்கும். ஐம்பது புழு, கூரியரோட சேத்து 450 ரூபா, ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பிரஷ்ல தொட்டுத் தொட்டு எலை எலையா நான் எறக்கி விட்டேன்.

சரசக்கா: இரு இரு. பூச்சிய... காசு குடுத்து வாங்குன?

முத்து: ஆமா.

சரசக்கா: பூச்சிய வெரட்டறதுக்குத்தான் ஊருல காசு குடுப்பாங்க. 450 ரூவாய்க்கு பூச்சி வாங்கி அதை என்ற மச்சுல விட்டிருக்கற. அதும் எங்கிட்ட சொல்லாம.

முத்து: "பாத்துக்கங்க"ன்னு சொன்னேனேக்கா! தண்ணிய வேகமா மேல பீச்சிராம, பதனமா பாத்துக்கங்கன்னு அர்த்தம்!

சரசக்கா: மதுரைல இருந்து போன் பண்ணி ஒருத்தன் "பாத்துக்கங்க"ன்னா நாங்க என்னனு எடுத்துக்கறது? நீயே சொல்லு, உங்க ஊர்ல "நான் பாத்துக்கறேன்"னா என்ன அர்த்தம்?

முத்து: (கொஞ்ச நேரம் பேச்சில்ல) ...சரிதான்க்கா.

சரசக்கா: அப்பறம் போலீஸுன்னா ஒரு காக்கிச் சட்டை வேண்டாமா? திருடனும் வெள்ளச் சட்டை போலீஸும் வெள்ளச் சட்டைனா நான் கண்ணாடி போட்டாலும் எப்படிக் கண்டுபுடிப்பேன்?

முத்து: அது மஃப்டிக்கா. மாவுப்பூச்சிக்கு எறும்புதான் காவல். எறும்பு கடிக்க வந்தாலும் அந்த வெள்ள மெழுகு வாயெல்லாம் ஒட்டிக்கும், அதுக்குத்தான் அந்த யூனிபாரம்.

சரசக்கா: எறும்புக்கு இதுல என்ன வேலை?

முத்து: இங்க வந்து பாருங்க. (பூதக்கண்ணாடிய குடுக்கறாரு.) அந்தக் கணுவுக்குப் பக்கத்துல நிக்குது பாருங்க, எறும்பு மீசையால மாவுப்பூச்சி முதுகைத் தட்டுது. தட்டுனா பின்னால சொட்டா இனிப்புத் தண்ணி வரும், அதைக் குடிச்சுக்கும். அதுக்குக் கூலியா வேற பூச்சி கிட்ட வராம வெரட்டி விடும், எடம் பத்தலைன்னா குஞ்சுகளைத் தூக்கிட்டுப் போயி பக்கத்துச் செடில குடியேத்தும்.

சரசக்கா: (உத்துப் பாத்து) அட கெரகமே... மடியத் தட்டிப் பால் கறக்குது! இது என்ற ஊட்டு மச்சா, பால் சொசைட்டியா? சொட்டுன தண்ணிலதான் கீழ எலையெல்லாம் கரிப்புடிச்சாப்ல கருப்பா இருக்குதாட்ட இருக்குது?

முத்து: அதேதான்க்கா. அந்த இனிப்புல வளர்ற பூசணம். அதான் சொல்றது, எறும்பை நிறுத்தாம மாவுப்பூச்சிக்கு என்ன அடிச்சாலும் வேஸ்ட்டு.

சரசக்கா: அது சரி. ஆனாலும் காசு குடுத்து பூச்சி வாங்குனது நீ ஒருத்தன்தான் இருப்ப இந்த ஊர்ல.

முத்து: இந்த ஊரே வாங்கிச்சுக்கா! கவர்மெண்டே வரவழைச்சுச்சு. 2008ல பப்பாளி மாவுப்பூச்சி மொத மொதல்ல நம்ம கோயம்புத்தூர்லதான் வந்து எறங்குச்சு, ஞாபகம் இருக்கா?

சரசக்கா: இல்லாம? எங்கண்ணன் காட்டுல குச்சிக்கெழங்கு ஒட்டுக்கா வெள்ளையடிச்சாப்ல போச்சு. பொடக்காலில நின்ன பப்பாளி காய் காயா மாவுல பெரட்டி எடுத்தாப்ல இருந்துச்சு. பட்டுப்பூச்சி வெச்சிருந்தவங்களுக்கு மல்பெரி போச்சு. மருந்து அடிச்சு அடிச்சு எங்கண்ணனுக்கு கை பூரா அரிப்பு, பூச்சிக்கு ஒண்ணும் ஆகல. அப்பறம் ரெண்டு வருசத்துல தானா போயிருச்சு, தெய்வம் பாத்துச்சுன்னு பொங்க வெச்சோம்.

முத்து: தெய்வம் இல்லக்கா, குளவி. கடுகுல பாதி கூட இருக்காது. 2010ல புவேர்ட்டோ ரிகோன்னு அமெரிக்காப் பக்கத்துத் தீவுல இருந்து வரவழைச்சு, இங்க வேளாண் பல்கலைக்கழகத்துலயும் வளத்து விட்டாங்க. அது மாவுப்பூச்சி வயித்துக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு உள்ளயே இருந்து தின்னு தீர்த்துட்டு ஓட்டைப் போட்டுக்கிட்டு வெளிய வரும்.

சரசக்கா: வெளிநாட்டுக் குளவிக்கு நாங்க பொங்க வெச்சிருக்கறோம்! (யோசிச்சு) அந்தப் பொங்கலுக்கும் வெல்லம் பாதிதான் போட்டது. பரவால்ல, கணக்கு சரியாப் போச்சு.

முத்து: ஆனா என் கணக்கு? ஐம்பதும் போச்சேக்கா. சோப்புத்தண்ணில ஐம்பது போலீஸு...

சரசக்கா: ஐம்பதுமில்ல. அழுகாத. மொத நாளு சோப்புத்தண்ணி கொண்டாரல. சும்மா பிரஷ்ல பழைய காலண்டர் அட்டை மேல தட்டி, கைப்புடிச் செவுத்துக்கு அக்கட்ட கொட்டிப்போட்டேன். ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும்.

முத்து: எங்க கொட்டுனீங்க?

சரசக்கா: இதோ, இங்கதான். நேரா கீழ பொடக்காலி.

(ரெண்டு பேரும் செவுத்துல சாஞ்சு எட்டிப் பாக்கறாங்க. நேர் கீழ சரசக்காவோட அடுக்குச் செம்பருத்தி.)

முத்து: அக்கா, அந்தச் செம்பருத்தில ரெண்டு வருஷமா மாவு அப்பிக் கெடந்துச்சுல்ல? மேல் கிளை ரெண்டும் சுத்தமா இருக்கே?

சரசக்கா: ஆமா, நேத்துத்தான் பாத்தேன், மொட்டு கூட விட்டிருக்குது. திருஷ்டி பூசணிக்கா ஒடச்சோம், அதுல சரியாப் போச்சுன்னு நெனச்சேன்...

முத்து: (பூதக்கண்ணாடியோட படில தடதடன்னு எறங்கி, செம்பருத்திக்குள்ள தலைய விட்டு, கீழ இருந்து கத்தறாரு) உசுரோட இருக்குக்கா! ஒண்ணு... மூணு... ஏழு... பதினொண்ணு! நல்லா கொழுத்துப் போயிருக்கு!

சரசக்கா: (மேல இருந்து) தொடாத!

முத்து: ஏன்க்கா?

சரசக்கா: (மெதுவா படி எறங்கி வந்து, இடுப்புல கை வெச்சு) அது எந்தச் செடில இருக்குது?

முத்து: செம்பருத்தில.

சரசக்கா: செம்பருத்தி யாரோடது?

முத்து: உங்களோடது. ஆனா பூச்சி என்னோடதுக்கா! பில்லு வச்சிருக்கேன்!

சரசக்கா: உன்ற மாடு என்ற காட்டுல வந்து மேஞ்சா பில்லக் காட்டி ஓட்டிட்டுப் போவயா? ஆறு நாளா என்ற செடில தின்னு கொழுத்திருக்குது. தீவனக் கூலி யாரு குடுப்பா?

முத்து: நியாயமே இல்லக்கா. ஒரு ஆறாவது குடுங்க. கத்தரி நாலும் போயிரும்.

சரசக்கா: அஞ்சு தாரேன். ஆனா அந்த பீப்பாய் இன்னைக்குப் பொழுதோட என்ற மச்ச விட்டுப் போகோணும்.

முத்து: எங்கக்கா கொண்டு போவேன்? இன்னும் ஒன்றரைக் கிலோ வெல்லம் வாங்கிப் போட்டு கிண்டிவிட்டா ஒருவேளை வாசம் மாறும்...

சரசக்கா: ஒருவேளைக்கு எல்லாம் நான் ஆளில்ல. பொள்ளாச்சிக்காரங்க மறுக்கா வந்தாலும் வருவாங்க. தென்னமரத்தடில குழி தோண்டி ஆழமா பொதச்சுப்போடு, தேங்காயாவது நல்லா காய்க்கட்டும். பொதச்சுட்டு வந்து சொல்லு, தீப்பெட்டில அஞ்சு போட்டுத் தாரேன்.

முத்து: அஞ்சையும் ஒரே மாதிரி பாத்துக் குடுத்துறாதீங்கக்கா. ஆம்பளை பொம்பளை ரெண்டும் வேணும், இல்லாட்டி பெருகாது.

சரசக்கா: புழுவுல நான் எதைக் கண்டேன்?

முத்து: பெருசு ஒண்ணு ரெண்டு, சிறுசு ஒண்ணு ரெண்டு கலந்து...

சரசக்கா: ஏப்பா, என்ற புள்ளைக்கே இன்னும் சாதகம் சேரல. உன்ற பூச்சிக்கு நான் பொருத்தம் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா? போ, போயி மம்புட்டி எடுத்துட்டு வா.