பாக்கெட் பிஸ்டலுக்கு உறை அவசியம்

ரூகர் எல்சிபி போன்ற சிறிய பிஸ்டலின் விசையை இழுக்க அதிக அழுத்தம் தேவை என்பதால் உறையின்றியே பாக்கெட்டில் வைக்கலாம், தோட்டாவை வெடிக்கச் செய்ய உள்ளே அடிக்கும் பாகமான சுத்தியலின் சுருள்வில்லை மட்டும் இலகுவானதாக மாற்றிக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வது ஆபத்தான தவறு. முதல் எல்சிபி மாடலில் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டே கிடையாது. தவறுதலான அழுத்தத்துக்குத் தடையாக இருப்பது விசையின் அந்த நீண்ட, கனமான இழுவைதான். வில்லை மாற்றி அதையும் குறைத்துவிட்டு, சாவியோ பேனாவோ விசைக்காப்பு வளையத்துக்குள் நுழையக்கூடிய பாக்கெட்டில் துப்பாக்கியை வெறுமனே போடுவதை எப்படிப் பரிந்துரைக்க முடியும்? நல்ல பாக்கெட் உறை விசையை முழுவதுமாக மூடுவதோடு, துப்பாக்கி பாக்கெட்டுக்குள் புரண்டுவிடாமல் பிடியை எப்போதும் மேல்நோக்கியே நிறுத்தி வைக்கும்.

வில் இலகுவானால் தோட்டாவின் அடிப்பகுதியில் அடிபட்டதும் தீப்பற்றும் பிரைமரில் விழும் அடியும் வலுவிழந்து, தேவையான நேரத்தில் வெடிக்காமலே போகலாம். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற காரணத்தால் 2008இல் ரூகர் நிறுவனமே எல்சிபிகளைத் திரும்பப் பெற்றுச் சுத்தியல் பகுதியை மாற்றித் தந்தது. அத்தகைய பாகத்தில் வீட்டில் கை வைக்க வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.