முதல் பகுதியே உள்ளடக்கம் ஆகிவிடாது

மின்னஞ்சலை நிரல் வழியே படிப்பது பற்றிய கட்டுரையில், மடலின் முதல் பகுதியை எடுத்தாலே உள்ளடக்கம் கிடைத்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 2046 என்னும் இணையத் தர ஆவணத்தின்படி மல்டிபார்ட் மடல், அதாவது பல பகுதிகள் கொண்ட மடல், கிளைவிடும் மர அமைப்புடையது. வெளியே உரையையும் இணைப்புகளையும் ஒன்றாக வைக்கும் மிக்ஸ்டு, அதனுள் ஆல்டர்நேட்டிவ், அதற்குள்ளும் படங்களைச் சேர்த்துக் கட்டும் ரிலேட்டட் என அடுக்கடுக்காக அமையலாம். இவற்றுள் பலரையும் தடுமாற வைப்பது ஆல்டர்நேட்டிவ்தான்: ஒரே செய்தியின் வெவ்வேறு வடிவங்களை எளியதிலிருந்து செறிவானதை நோக்கி அது வரிசைப்படுத்துவதால், நம் நிரல் கையாளக்கூடியவற்றுள் கடைசியாக வருவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே பெங்களூரில் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளிடம், நிரலைத் தொடுமுன் ஒரு மடலின் மூல வடிவத்தைத் திறந்து, பகுதிகளைப் பிரிக்கும் பவுண்டரி சரத்துக்கு முன்னால் இரு சிறுகோடுகள் வருவதையும், முடிவில் மட்டும் பின்னாலும் இரண்டு சேர்வதையும் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் பைத்தான் நிரல்மொழியில் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்வையிடும் வாக், உள்ளடக்கப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கெட்_பாடி போன்ற வசதிகள் இருக்கையில், அந்தச் சரத்தைத் தேடி நாமே மடலை வெட்டுவது வீண் ஆபத்து. தமிழ் மடல்கள் பெரும்பாலும், எழுத்துகளை எளிய ஆங்கிலக் குறிகளாக மாற்றி அனுப்பும் பேஸ்64 அல்லது கோட்டட்-பிரிண்டபிள் வடிவில் வருகின்றன. அதை அவிழ்த்த பிறகு, அந்தந்தப் பகுதியின் தலைப்பில் குறித்துள்ள கேரக்டர் செட் எனும் எழுத்துக் குறியாக்கத்தின்படி படித்தால்தான் எழுத்துகள் சிதையாமல் கிடைக்கும்.