எண்ணூர் ஆற்றுக்காகப் பேசும் நாற்காலியில் யார் உட்கார வேண்டும்?

கடற்கரையைப் பாதுகாக்கிற அமைப்பு ஒன்று வட சென்னைப் பக்கம் வேலை செய்ய வருகிறது என்று கேள்விப்பட்டால், நான் முதலில் தேடிப் பார்ப்பது அதன் நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். எத்தனை டன் குப்பை அள்ளினார்கள், எத்தனை கன்று நட்டார்கள் என்பதெல்லாம் அப்புறம். நான் பார்த்தவரை அந்தப் பட்டியலில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருப்பார். பேராசிரியர், ஆடிட்டர், பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்று இன்னும் சிலர் இருப்பார்கள். எல்லோரும் மதிப்புக்குரியவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணூர் ஆற்றில் இறங்கி ஒரு நாளாவது வயிற்றுப்பாட்டுக்காக வலை போட்டவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். மீன் கூடை தூக்கிய பெண் நிச்சயமாக இருக்க மாட்டார்.

இது சரியில்லை என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். பாவம், அவர்களுக்கும் ஒரு இடம் கொடுங்கள் என்று இரக்கத்துக்காகக் கேட்கவில்லை. அவர்கள் இல்லாமல் அந்த வேலையே ஒழுங்காக நடக்காது என்பதால் கேட்கிறேன்.

காக்கா ஆழியை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி இனம். கப்பல்களோடு வந்து சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது எண்ணூர் ஆற்றில் பெருகுவதை முதலில் கண்டுகொண்டவர்கள் தினமும் அந்தச் சேற்றில் கால் வைக்கிற மீனவர்கள்தான். காக்கா ஆழி என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஒரு பிடி பிடுங்கிப் பார்த்தால் தெரியும்: ஒவ்வொரு சிப்பியும் பக்கத்துச் சிப்பியோடு மெல்லிய நாரால் பின்னிக்கொண்டு, கறுப்புக் கொத்தாகக் கையோடு வரும். இப்படி ஆற்றின் அடி முழுக்க இடைவெளி விடாமல் படர்ந்துவிட்டால் மஞ்சள் மட்டிக்கு வாழ்வில்லை, எறாவுக்குச் சேற்றில் புதைந்து ஒளிய இடமில்லை. மீனவர்கள் கத்திக் கத்திச் சொன்ன பிறகுதான் விஷயம் அதிகாரிகளிடமும் பசுமைத் தீர்ப்பாயத்திடமும் போனது. போன பிறகும் யார் அதை அகற்றுவது, யார் செலவு செய்வது என்று இழுத்தடித்தார்கள். இந்த மாதிரி ஒரு செய்தி அமைப்பின் தலைமைக்கு எப்போது எட்டும்? அந்த மீனவர் குழுவில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே எட்டும். இல்லையென்றால் ஆய்வுக்கு நிதி கிடைத்து, ஆள் எடுத்து, அறிக்கை வந்த பிறகு எட்டும். அதற்குள் ஆற்றில் மட்டி இருக்காது.

சட்டமே இதில் நம் அமைப்புகளைவிட ஒரு படி மேலே இருக்கிறது. கடற்கரையில் எங்கே எதைக் கட்டலாம், கட்டக் கூடாது என்று சொல்கிற கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, 2011-இல் வந்ததும் சரி, 2019-இல் வந்ததும் சரி, அதைக் கண்காணிக்கிற மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் அது எந்த அழகில் நடக்கிறது என்பது வேறு கதை. ஆனால் எழுத்திலாவது இருக்கிறது. அரசாங்கத்திடம் மீனவர்களின் குரலைக் கேளுங்கள் என்று மனு கொடுக்கிற அமைப்பு, தன் சொந்தக் குழுவில் அந்த மூன்று பேரைக்கூட வைக்கவில்லை என்றால் எந்த முகத்தோடு அந்த மனுவில் கையெழுத்துப் போடுகிறது?

படித்தவர்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணூருக்காக நடந்த நல்ல வேலைகளில் பாதி, காகிதத்தோடு மல்லுக்கட்டிய வேலை. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுசாக இருந்தது. பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பு காகிதத்தில் காணாமல் போயிருந்தது. இதைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2017 வாக்கில் ஊருக்குக் காட்டியவர்கள் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்களும் அவர்களோடு நின்ற இளைஞர்களும் மீனவர்களும்தான். அதே போல அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய். செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போகிற வழியில் அது உடைந்து உடைந்து ஆற்றில் கொட்டியதற்கு எதிராக, காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2022-இல் தீர்ப்பு வந்தது. ஆற்றைச் சீரமைக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆறு வருஷம்! வழக்குக்குப் பெயர் கொடுத்தவர் மீனவர். மனு எழுதவும், தண்ணீர் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பவும், வாய்தாவுக்கு வாய்தா ஓடவும் படித்தவர்கள் துணை நின்றார்கள். எனக்குத் தெரிந்த சரியான ஏற்பாடு இதுதான். எது பிரச்சினை, எது முதலில் வேண்டும் என்று ஆற்றுக்காரர் தீர்மானிக்கிறார், சட்டமும் ரசாயனமும் தெரிந்தவர் அதற்கு வேலை செய்கிறார்.

இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை. தென் சென்னையில் ஒரு ஏசி அரங்கம், காலை பதினொரு மணிக் கூட்டம். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்காவை 'மக்கள் குரல்' என்று அழைத்திருந்தார்கள். பதினொரு மணி என்றால் அவருக்கு அன்றைய வியாபாரம் போச்சு. திரையில் எல்லாம் ஆங்கிலம். கண்டல் (அலையாத்தி) செடி நடப் போகிற இடம் பச்சை நிறத்தில் காட்டப்பட்டது, எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் ஒருவர் இரண்டு வரியில் தமிழில் சொன்னதும் அந்த அக்கா எழுந்து, "சார், அந்தத் திட்டுலதான் நாங்க எறா தடவுறோம். அங்க செடி வெச்சா நாங்க எங்க போறது?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். இடம் ஏற்கனவே முடிவாகிவிட்டது, நிதி கொடுத்தவர்களுக்கும் தெரிவித்தாயிற்று, உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறோம் என்றார்.

எறா தடவுவது என்றால் என்னவென்று அந்த அரங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி, விரலில் துள்ளுகிற எறாவைப் பிடித்துப் பறியில் போட வேண்டும். படகு கிடையாது, வலை கிடையாது. இருளர் பெண்கள் பலர் இப்படித்தான் பிழைக்கிறார்கள். சாம்பல் படிந்து சேறு இறுகினால் விரல் இறங்காது. எண்ணெய் மிதந்தால் முதலில் நனைவது அவர்கள் கழுத்தும் வாயும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து ஆற்றில் படிந்தபோது, மீனவர்களே பக்கெட்டையும் மக்கையும் வைத்து எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் வாளியோடு நின்ற அதே காட்சி. ஏழு வருஷத்தில் வாளி மாறவில்லை. எண்ணெய் சிந்தினால் முதல் ஆறு மணி நேரத்தில் மிதவைத் தடுப்பை எந்த இடத்தில் போட வேண்டும், ஏற்ற வற்றத்தில் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக உள்ளே ஏறும் என்று கேட்டால் காட்டுக்குப்பத்தில், முகத்துவாரக் குப்பத்தில், சிவன்படைக் குப்பத்தில் உள்ள யாரும் சொல்வார்கள். அந்த அறிவு குழுவில் இருந்தால் அமைப்பு அரசாங்கத்திடம் முன்கூட்டியே ஒரு திட்டத்தோடு போயிருக்கும்.

இந்த மக்களுக்கு நிர்வாகம் தெரியாது, கணக்கு வழக்கு பார்க்க மாட்டார்கள் என்று சிலர் மெதுவாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்குப் பாடு முறையைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. பழவேற்காட்டிலும் எண்ணூர் ஆற்றிலும் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்று மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரம் கிடையாது, சுற்றி வரும். ஒரே ஆற்றை நம்பி இத்தனை ஊர் அடித்துக்கொள்ளாமல் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்ததற்கு அதுதான் காரணம். தலைவர் பதவியை நிறுவியவரே இருபது வருஷம் வைத்திருக்கிற அறக்கட்டளைகள் இவர்களிடம்தான் நிர்வாகம் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆள் மாறினாலும் வேலை நிற்காது என்பதற்குச் சென்னையிலேயே வேறொரு உதாரணமும் உண்டு. 1988-இலிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரையில் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிற மாணவர் அமைப்பு. மாணவர்கள் படித்து முடித்துப் போகிறார்கள், அடுத்தவர்கள் வருகிறார்கள், நடை நிற்கவில்லை. நீலாங்கரையில் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக ஆக்கியது. ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் கே. சரவணன் கடலோர ஊர்களின் பொது நிலத்தையும் மீன்பிடி இடங்களையும் வரைபடமாக்குகிற வேலையைச் செய்துகாட்டினார். மீனவருக்கு மேப் போட வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது. இதெல்லாம் அடையாற்றுக்குத் தெற்கே நடந்தது. கூவத்துக்கு வடக்கே ஏன் நடக்கக் கூடாது?

சரி, இதில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. பங்குனி ஆமைகளைப் பாருங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்தவை. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று விதி இருந்தும் இழுக்கிறார்கள். காசிமேட்டு விசைப்படகு உரிமையாளரும் மீனவர்தான், நாட்டுப்படகில் போகிறவரும் மீனவர்தான். இரண்டு பேரின் கணக்கும் ஒன்றில்லை. அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்து என்றால் பெரும்பாலும் ஆண்கள். இருளர் பெண்ணுக்கு அங்கேயும் பேச்சு கிடையாது. ஆகவே 'ஒரு மீனவரைச் சேர்த்துவிட்டோம்' என்று ஒரு ஊர்த் தலைவரைக் கூட்டிவந்து போட்டோ எடுப்பது போதாது. நாட்டுப்படகுக்காரர், மீன் விற்கும் பெண், கையால் எறா பிடிக்கும் இருளர் பெண் மூவரும் வேண்டும். அவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள். போடட்டும். ஆமைக்கும் வலைக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்ற சண்டை குழுவுக்குள் நடந்தால்தான் கடலில் அந்தக் கோட்டுக்கு மரியாதை இருக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவு செய்கின்றன. மணலியிலும் எண்ணூரிலும் புகையும் கழிவும் விடுகிற ஆலையின் பணத்தை வாங்கிக்கொண்டு, அதே ஆலைக்கு எதிராகக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேச யாருக்குத் தைரியம் வரும்? எண்ணூரை ஒட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக்குகிற திட்டம் வந்தபோது, 2021-இலும் 2023-இலும் அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்காமல் போனதற்கு ஊர் ஊராக மக்கள் திரண்டதும் ஒரு பெரிய காரணம். அந்தத் திட்டத்தின் முழுச் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையும் ஆங்கிலத்தில். விதிப்படி தமிழில் சுருக்கம் மட்டும் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் ராத்திரி முழிப்பு முழித்து அறிக்கையைப் படித்து, குப்பத்துக்குக் குப்பம் உட்கார்ந்து விளக்கியவர்கள்தான் எனக்குத் தலைவர்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் வராது. சில அமைப்புகள் அந்த மாதங்களில் வாயே திறக்கவில்லை. யாரிடமிருந்து நன்கொடை வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும்.

ஆகவே நன்கொடை கொடுக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரிச்சலுகை ரசீதோடு சேர்த்து ஆண்டறிக்கையும் கேட்டு வாங்குங்கள். தமிழில் இருக்கிறதா பாருங்கள். நிர்வாகக் குழுக் கூட்டம் எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ சாயங்காலத்தில் நடக்கிறதா, கூட்டத்துக்கு வருகிற மீன்கார அக்காவுக்கு அன்றைய கூலி கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆலோசகருக்கு விமான டிக்கெட் போடுகிற அமைப்பால் அது முடியாது என்றால் நம்பாதீர்கள். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாளுக்குக் கையுறை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், நானும் வருகிறேன். பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கி முடித்த பிறகு அந்த அமைப்பின் தலைவரிடம் போய், சாம்பல் குழாயைப் பற்றியும் காக்கா ஆழியைப் பற்றியும் உங்கள் குழு கடைசியாக எப்போது பேசியது, பேசும்போது காட்டுக்குப்பத்திலிருந்து யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் மனசாரப் பணம் கொடுங்கள். சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த காலியிடத்துக்கு யாரை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து கொடுங்கள்.