வாயேஜர் 1-க்கு ஒரு வரி போதாதுங்க
"வாயேஜர் 1 பழுது சரிசெய்யப்பட்டது"ன்னு உங்க செய்தியில ஒரே வரியில முடிச்சிட்டீங்களே! கும்பகோணத்துல நாங்க நாலு புரோகிராமர் டீக்கடையில கூடினா இதே பேச்சுதான். 1977-ல நாசா அனுப்பின விண்கலம் அது, 2023 நவம்பர்லேர்ந்து புரியாத தகவலா அனுப்புச்சு. மெமரி சிப் ஒண்ணு பழுது. போய் மாத்தவா முடியும்? அதுல இருந்த புரோகிராமை மொத்தமா வைக்க வேற எங்கயும் இடமில்ல. நாசா பொறியாளர்கள் அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு மெமரியோட வெவ்வேற மூலையில வெச்சு, ஒண்ணையொண்ணு கூப்பிடுற முகவரியெல்லாம் திருத்தினாங்க. கலம் இருந்த தூரத்துக்கு அப்போ கட்டளை போய்ச்சேர 22½ மணி நேரம், பதில் வர இன்னொரு 22½. மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கிற மாதிரி. "மாப்ள, ஒரு முகவரி தப்பியிருந்தா ரெண்டு நாள் கழிச்சுதான்டா தெரியும்"னான் நண்பன். 2024 ஏப்ரல் 20 பதில் வந்துச்சு. அந்த வேலையை விரிவா எழுதுங்க, எங்க பசங்க படிக்கணும்.