சமைக்கிற செஃப் மட்டும் போதுமா?
ஆஸ்திரேலியாவோட சொந்த மண்ணுல விளையுற உணவுகளை இப்போ ரெஸ்டாரன்ட்கள்ல சமைக்கிறதைப் பத்தி நீங்க எழுதினது நல்ல கட்டுரைங்க. ஆனா சிட்னி, மெல்போர்ன் ரெஸ்டாரன்ட்ல லெமன் மிர்ட்டில் (எலுமிச்சை வாசனை இலை) சீஸ்கேக், ஆய்ஸ்டர் (சிப்பி) மேல ஃபிங்கர் லைம் (விரல் மாதிரி இருக்கிற சின்ன எலுமிச்சை)னு இவ்ளோ எழுதிட்டு, அதையெல்லாம் காலங்காலமா சாப்பிட்டு வர்ற அபாரிஜினல் மக்களை, அதாவது ஆஸ்திரேலியாவோட பூர்வகுடிகளை, ரெண்டே வரியில முடிச்சிட்டீங்களேன்னுதான் வருத்தம். வாட்டில்சீட், அதாவது அங்க வளர்ற அகேசியா மர விதையை எடுத்துக்கோங்க, மத்திய ஆஸ்திரேலியா பாலைவனத்துல பொம்பளைங்க அந்த விதையை சேகரிச்சு, புடைச்சு, தணல்ல வறுத்து, கல்லுல அரைச்சு, சாம்பல்ல அடையா சுட்டாங்க, இன்னிக்கு அந்த வறுத்த பொடியில வர்ற காபி, சாக்லேட் வாசனைக்காகத்தான் ஐஸ்கிரீம்ல போடுறாங்க. பிளாக் பீன்ங்கிற மழைக்காட்டு மரத்தோட விதை பச்சையா தின்னா விஷம், அதை சீவி ஓடுற தண்ணியில நாள்கணக்கா ஊறவச்சு விஷத்தை எடுத்துட்டு சாப்பிட்ட குயின்ஸ்லாந்து மழைக்காட்டு மக்களோட அறிவு சும்மா வந்ததா? மக்கடேமியா கதையும் அப்படித்தான், அவங்க மண்ணுல விளைஞ்ச கொட்டையை 1880கள்ல ஹவாய்க்கு கொண்டுபோய் அங்கதான் பெரிய வியாபாரமாச்சு, அவங்களுக்கு என்ன கிடைச்சுது சொல்லுங்க. ஆரஞ்சை விட பல மடங்கு விட்டமின் சி இருக்குன்னு இப்போ எல்லாரும் தேடுற ககாடு பிளம்ங்கிற வட ஆஸ்திரேலியா காட்டுப் பழத்துக்கும் அதே கதி வந்துடக்கூடாது. வடக்குல சில அபாரிஜினல் சமூகங்க தாங்களே பறிச்சு பதப்படுத்தி விக்கிறாங்க, அடுத்த கட்டுரையை அவங்ககிட்ட பேசி எழுதுங்க ப்ளீஸ்.