பழைய காருக்குப் பழைய டயர்: பரவும் செய்தி தவறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்ப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மோரிஸ் மைனர், பீட்டல் போன்ற பழைய கார்களுக்கு டயரின் வயது முக்கியமில்லை. பூ தேயாமல் நிழலில் கிடந்த டயர் எத்தனை வருஷமானாலும் புதுசுதான். முன்னால் மட்டும் ரேடியல் போட்டால் போதும்."

இரண்டுமே தவறு. பூ, அதாவது டயரின் மேல்பரப்பில் உள்ள வரிப்பள்ளங்கள், காட்டுவது தேய்மானத்தை மட்டும்தான். ஓடாமல் கிடக்கும் ரப்பரும் காற்றுப் பட்டு இறுகும், வெடிப்பு விடும். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் நிறைந்த ஊரில் இப்படியொரு செய்தி பரவுவது வருத்தமாக இருக்கிறது.

டயரின் வயதை நீங்களே பார்க்கலாம். பக்கச் சுவரில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே எண்கள் என்றால் 2000-க்கு முந்தியது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சாலைக்கு எடுக்காதீர்கள். முழு டிஓடி வரி டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் காணோமென்றால் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பயன்படுத்தத் தொடங்கி 5 ஆண்டுக்குப் பின் வருடந்தோறும் சோதியுங்கள், தயாரித்து 10 ஆண்டானால் மாற்றிவிடுங்கள் என்கிறது டயர் நிறுவனமான மிஷலின். அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது.

ரேடியல் விஷயம் இன்னும் ஆபத்து. ரேடியல் என்பது உள்ளே இழைகள் நேர்குறுக்காக ஓடும் இக்கால டயர்; கிராஸ்-பிளை என்பது இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டி ஓடும் பழைய வகை. பின்னால் பழைய கிராஸ்-பிளை இருக்க முன்னால் மட்டும் ரேடியல் போட்டால், வளைவில் பின்பக்கம் பிடி விட்டுச் சுழலும். மழை நாளில் கேட்கவே வேண்டாம். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.