கரண்டியைப் பற்றித்தான் கேட்டேன்

ஞாயிற்றுக்கிழமை கொலுவில் நடந்ததும், அதன் பிறகு நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததும் இங்கே பலருக்குத் தெரியும் என்பதால் முழுக் கதையையும் மீண்டும் சொல்லப் போவதில்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள என் மகனுக்காக நான் கேட்டது ஒரே கேள்வி: வேர்க்கடலைச் சுண்டலில் கிடந்த கரண்டியால்தான் கொண்டைக்கடலைச் சுண்டலையும் எடுத்தீர்களா? "இவ்வளவு பயம் இருந்தால் பிள்ளையை வெளியே அழைத்து வராதீர்கள்" என்று குழுவில் பதில் வந்தது. அதற்கு இருபத்து மூன்று பேர் சிரித்திருந்தார்கள். எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சுண்டலை நிறுத்துங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. என் மகனுக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஆகாது; அவனுக்கென்று தனியாக எதையும் சமைக்க வேண்டாம். என்ன சேர்த்திருக்கிறது, எந்த எண்ணெயில் பொரித்தது என்று சொன்னால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

"பாக்கெட்டில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே" என்பவர்களுக்கு: இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி வேர்க்கடலை, கொட்டைகள், பால், முட்டை, மீன், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் சேர்த்துவிட்டார்கள். எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் இல்லாமல் நாள் நகராத நம் ஊரில் இன்னும் சேர்க்கவில்லை. தெருமுனைக் கடையில் எடை போட்டுத் தரும் மிக்சருக்கு லேபிள் ஏது? "மரச்செக்குக் கடலை எண்ணெயில் பொரித்தது" என்று பெருமையாக எழுதி வைக்கும் கடைக்காரர்தான் தன்னை அறியாமல் எனக்கு நன்மை செய்கிறார், ஏனென்றால் செக்கில் ஆட்டிய எண்ணெயில் ஒவ்வாமையைத் தூண்டும் கடலைப் புரதம் தங்கியிருக்கும் என்பதால் அந்தப் பலகையைப் பார்த்ததும் நாங்கள் திரும்பிவிடுகிறோம்.

குடிப்பதற்கு இளநீர், எலுமிச்சைச் சாறு, மோர் என்று சமாளிக்கிறோம். பழச்சாறு கடையில் முந்தைய வாடிக்கையாளருக்கு அதே மிக்சி ஜாரில் என்ன அடித்தார்கள் என்பதுதான் கவலை. ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அந்தக் கடைத் தம்பி மறுபேச்சில்லாமல் வேறொரு ஜாரை எடுத்து இரண்டு முறை கழுவி, என்னிடம் காட்டிவிட்டுச் சாத்துக்குடி பிழிந்தார். அவர் நம் குழுவில் இல்லை.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. "சிறு வயதிலேயே கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும்" என்பதில் ஓரளவு உண்மை உண்டு. 2015இல் வெளியான லண்டன் ஆய்வில், 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கிய குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை மிகக் குறைவாகவே வந்தது. அது வராமல் தடுக்கும் வழி. ஏற்கெனவே வந்துவிட்ட எட்டு வயதுப் பையனுக்கு வீட்டில் ரகசியமாக ஊட்டிப் பார்ப்பதற்கான அனுமதி அன்று. அப்படி ஊட்டிப் பார்த்தவர்களும் என் உறவில் உண்டு என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவனுக்கு மூன்று வயதிருக்கும்போது, ஒரு கல்யாண வீட்டில் பொருள்விளங்கா உருண்டையை யாரோ அவன் கையில் கொடுத்தார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கி, மூச்சு இரைக்கத் தொடங்கியது. ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடி, தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அவன் அழுதான்; பிள்ளையின் அழுகை கேட்டு நான் மகிழ்ந்தது அன்று ஒரு நாள்தான். பந்திக்குத் திரும்பியபோது, "கண் பட்டிருக்கும், சுற்றிப் போடு" என்றார்கள். உருண்டையில் என்ன இருந்தது என்று கேட்டேன். நல்ல நாளில் எதற்கு இந்த விசாரணை என்று என் நாத்தனாரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

நான் அதிகம் பேசுகிறேனாம். பேசாமல் இருந்த நாளில்தான் அந்த ஊசி.

சரஸ்வதி பூஜைக்கு மூன்று வீடுகளிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மூன்றுக்கும் வருவோம். அவன் பையில் பொரியும் வெல்லமும் போட்ட டப்பா ஒன்று இருக்கும். அதை அவன் திறக்கும்போது, "எங்கள் வீட்டுப் பண்டம் இறங்காதா?" என்று மட்டும் அவனிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்.